பழைய வீடுகளில் காரீயம்: அகற்றும் செலவை யார் ஏற்பது?

அமெரிக்காவின் ஏழைக் குடியிருப்புப் பகுதிகளில் உள்ள பழைய வீடுகளிலிருந்து, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நச்சு உலோகமான காரீயம் (lead) கலந்த பெயின்ட்டை அகற்ற வங்கிகள் குறைந்த வட்டியில் கடன் கொடுத்தால் போதாதா, அரசு மானியம் எதற்கு என்பது கேள்வி. ஒரு டாலர் செலவிட்டால் பல டாலர் மிச்சமாகும் என்று ஆய்வுகள் சொல்லும் இந்த வேலைக்குத் தனியார் முதலீடு ஏன் வருவதில்லை என்றும் உடன் கேட்கப்பட்டிருக்கிறது. இரண்டாவது கேள்விக்கு விடை தெரிந்தால் முதலாவதற்கும் தெரிந்துவிடும். செலவழிப்பவர் வீட்டு உரிமையாளர். பயனடைவது அந்த வீட்டில் வளரும் குழந்தை, பிறகு அதன் பள்ளி, பிறகு மாநிலத்தின் கருவூலம். அந்தப் பயனின் பெரும்பகுதியும் பதினைந்து இருபது ஆண்டுகள் கழித்தே வரத் தொடங்கும். கடன் என்பது, வாங்கியவரின் கையில் வரவு கூடினால்தான் திரும்பி வரும். இங்கே அவர் கையில் எதுவும் கூடுவதில்லை.

முதலில் வேலை என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் நிதித் திட்டங்கள் பலவும் அதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமலே வகுக்கப்படுகின்றன. வீடுகளுக்குப் பூசும் பெயின்ட்டில் காரீயம் சேர்ப்பதை அமெரிக்கா 1978-இல் தடைசெய்தது. அதற்கு முன் கட்டிய வீடுகள் இடிக்கப்படாமல் நிற்கின்றன. 2018–19-இல் மத்திய வீட்டுவசதித் துறை நடத்திய கணக்கெடுப்பு, ஏறத்தாழ 3 கோடியே 46 லட்சம் வீடுகளில் எங்கேனும் ஓரிடத்தில் காரீயப் பெயின்ட் இருப்பதாக மதிப்பிட்டது. பெயின்ட் உரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும்வரை அதனால் வரும் தீங்கு குறைவு. அது உரியும்போதும், மேலும் கீழுமாக இழுத்துத் திறக்கும் பழைய மர ஜன்னல்களின் கதவுகள் சட்டத்தோடு உராயும்போதும் கண்ணுக்குப் புலப்படாத தூசாக உதிர்ந்து தரையிலும் ஜன்னல் விளிம்பிலும் படிகிறது. தவழும் குழந்தையின் கைவழியாக வாய்க்குள் செல்வது பெரும்பாலும் அந்தத் தூசுதான். ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 10 மைக்ரோகிராம் காரீயம் இருந்தால் கவலைக்குரியது என்று 1991-இல் வகுத்த நோய்க் கட்டுப்பாட்டு மையம், 2012-இல் அதை 5 ஆகவும் 2021-இல் 3.5 ஆகவும் குறைத்தது. பாதுகாப்பானது என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இதுவரை கண்டறியப்படவில்லை.

இந்த ஆபத்தை நீக்க இரண்டு வழிகள் உண்டு. ஜன்னல்களையும் கதவுகளையும் மாற்றி, பெயின்ட்டைச் சுரண்டியெடுத்து அல்லது பலகை அடித்து மூடி, நிரந்தரமாக அகற்றுவது ஒன்று. இதற்கு ஒரு வீட்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் ஆவது வழக்கம், பெரிய வீடென்றால் அதன் பன்மடங்கும் ஆகலாம். உரிந்த இடங்களை ஈரப்படுத்திச் சுரண்டி மறுபடி பெயின்ட் அடித்து, உராயும் பரப்புகளைச் சீராக்கி, நுண்தூசை வடிகட்டும் சிறப்பு வாக்குவம் கருவியால் துப்புரவு செய்து, அவ்வப்போது பரிசோதித்துக்கொண்டே இருப்பது இரண்டாவது. இடைக்காலத் தடுப்பு எனப்படும் இது மிக மலிவானது, ஆனால் கவனிப்பாரற்றுப் போனால் சில ஆண்டுகளில் பழைய நிலைக்கே திரும்பிவிடும். எந்த வழியானாலும், வேலை முடிந்ததும் தரையைத் துடைத்தெடுத்த மாதிரி ஆய்வகத்தில் தேற வேண்டும். 2001-இல் தரையின் ஒரு சதுர அடிக்கு 40 மைக்ரோகிராம்வரை அனுமதிக்கப்பட்டது. பின்னர் அது 10 ஆகி, சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024 அக்டோபரில் வெளியிட்ட விதியில் 5 ஆனது. குழந்தைகளுக்கு இது நல்லதுதான். ஆனால் அளவுகோல் இறங்கும் ஒவ்வொரு முறையும் ஒரு வீட்டுக்கான செலவு ஏறுகிறது, அதே மானியத் தொகையில் சீராகும் வீடுகளின் எண்ணிக்கை குறைகிறது என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

இப்போது கடனுக்கு வருவோம். கிளீவ்லாந்து, டெட்ராய்ட் போன்ற நகரங்களின் சில பகுதிகளில் ஒரு வீட்டின் சந்தை விலையே நாற்பது ஐம்பதாயிரம் டாலரைத் தாண்டாது. பல பத்தாண்டுகளுக்கு முன் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகள் என்பதற்காகவே வங்கிகள் வீட்டுக்கடன் மறுத்த இடங்கள் இவை. பழுது பார்க்கப் பணமின்றி வீடுகள் சிதைந்ததற்கும் காரீயம் அங்கே குவிந்திருப்பதற்கும் அந்த மறுப்பும் ஒரு காரணம். அத்தகைய வீட்டில் இருபதாயிரம் டாலர் செலவழித்தால் வீட்டின் விலை இருபதாயிரம் உயர்வதில்லை. வாடகையை உயர்த்தவும் முடியாது, ஏனெனில் அங்கே குடியிருப்போரால் அதைக் கொடுக்க இயலாது; உயர்த்தினால் அவர்கள் அதைவிட மோசமான வீட்டுக்குப் போவார்கள், காரீயமும் அவர்களைத் தொடரும். இரண்டு மூன்று வீடுகளை மட்டும் வைத்திருக்கும் சிறு உரிமையாளர்தான் இப்பகுதிகளில் அதிகம். பிணையாக வைக்கும் சொத்தின் மதிப்பு கடன் தொகையைத் தாங்காதபோது, வட்டியை இரண்டு விழுக்காடு குறைப்பதால் வங்கியின் முடிவு மாறிவிடாது.

ஆய்வுகள் சொல்லும் லாபக் கணக்கையும் இந்த இடத்தில் பார்த்துவிடலாம். எலிஸ் கோல்ட் என்ற பொருளியலாளர் 2009-இல் வெளியிட்ட கட்டுரையில், காரீயப் பெயின்ட் ஆபத்தைக் கட்டுப்படுத்தச் செலவிடும் ஒவ்வொரு டாலருக்கும் 17 முதல் 221 டாலர்வரை பயன் உண்டு என்றார். இந்தத் துறையில் நிதி கேட்டு எழுதப்படும் விண்ணப்பங்களில் இந்த எண் இல்லாத விண்ணப்பம் அரிது. பியூ அறக்கட்டளையும் ராபர்ட் வுட் ஜான்சன் அறக்கட்டளையும் 2017-இல் வெளியிட்ட அறிக்கை, ஏழைக் குடும்பங்களின் பழைய வீடுகளைச் சீராக்கினால் டாலருக்கு 1.39 டாலர் என்று கணக்கிட்டது. எத்தனை வீடுகளை எடுத்துக்கொள்வது, எவற்றையெல்லாம் பயன் என்று சேர்ப்பது என்பதைப் பொறுத்து விடை இவ்வளவு மாறுகிறது. என் கருத்தில் 1.39 என்பதே பேச்சுக்கு உகந்த எண், ஏனெனில் 221 என்று சொல்லி ஒரு நகரமன்ற உறுப்பினரின் நம்பிக்கையைப் பெறுவது கடினம். ஆனால் இரண்டு எண்களுக்கும் பொதுவான ஒன்று உண்டு: பயனின் பெரும்பகுதி அந்தக் குழந்தை வளர்ந்தபின் ஈட்டப்போகும் கூடுதல் வருமானம். அதை எந்தக் கடன் பத்திரத்தின் பெயராலும் யாரும் வசூலிக்க முடியாது.

ஆகவே அடித்தளம் மானியமாகவே இருந்து வருகிறது. 1992-இல் நிறைவேறிய, பத்தாம் தலைப்பு என்று பரவலாக அறியப்படும் சட்டத்தின் கீழ், மத்திய வீட்டுவசதித் துறை நகரங்களுக்கும் மாநிலங்களுக்கும் போட்டி அடிப்படையில் பணம் தருகிறது. உரிமையாளரே குடியிருக்கும் வீடானால் குடும்ப வருமானம் அப்பகுதியின் இடைநிலை வருமானத்தில் 80 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, அங்கே ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை இருக்க வேண்டும் என்பது பொதுவிதி. வாடகை வீடுகளில் பாதியிலாவது 50 விழுக்காட்டுக்கும் குறைந்த வருமானமுள்ளவர்கள் குடியிருக்க வேண்டும். வேலை முடிந்தபின் மூன்று ஆண்டுகளுக்கு, சிறு குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்கே முன்னுரிமை தர வேண்டும். பொதுப்பணத்தில் வீட்டைச் சீராக்கிக்கொண்டு, உடனே கூடுதல் வாடகைக்கு வேறு ஆளைக் குடிவைக்கும் உரிமையாளரைத் தடுக்கும் நிபந்தனை இது என்பதால் அவசியமானதே. ஆனால் வருமானச் சான்று, உரிமைப் பத்திரம், சொத்துவரி பாக்கியின்மை என்று கேட்டுக்கொண்டே போகும்போது, சிறு உரிமையாளர் பாதியில் விலகிக்கொள்கிறார். மத்திய அரசின் வீட்டு மறுசீரமைப்புப் பணத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு: ஒரு வீட்டுக்கு 5,000 டாலருக்கு மேல் 25,000 டாலர்வரை உதவி கிடைத்தால் இடைக்காலத் தடுப்பு போதும், 25,000-ஐத் தாண்டினால் நிரந்தர அகற்றம் கட்டாயம். கூரையும் மின்கம்பியும் சேர்த்து ஒரு வீட்டை முழுதாகச் செப்பனிட நினைக்கும் அமைப்புகள், இந்த எல்லைக்குக் கீழேயே வேலையை நிறுத்திக்கொள்வதற்கு இதுவே காரணம்.

மருத்துவக் காப்பீட்டுப் பணத்தைப் பயன்படுத்தலாமே என்று தோன்றுவது இயல்பு. ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் திட்டம், தன்னில் சேர்ந்த குழந்தைகளுக்கு ஒரு வயதிலும் இரண்டு வயதிலும் இரத்தப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் அது பணம் தரும். குழந்தை திரும்பிச் செல்லும் வீட்டின் ஜன்னலை மாற்றப் பொதுவாகத் தராது. இதற்கு மாநிலங்கள் கண்ட வழி, குழந்தைகள் நலக் காப்பீட்டுத் திட்டமான சிப் என்பதில் உள்ள ஒரு சிறு பிரிவு. அத்திட்டத்தில் நிர்வாகத்துக்கென ஒதுக்கிய பத்து விழுக்காட்டு வரம்புக்குள் மிச்சமிருந்தால், குழந்தைகளின் நலனுக்கான சிறப்பு முயற்சிகளுக்கு அதைச் செலவிடலாம். பிளின்ட் நகரின் குடிநீரில் காரீயம் கலந்த நெருக்கடிக்குப் பிறகு, 2016 நவம்பரில், மிச்சிகன் மாநிலம் இவ்வழியில் ஐந்து ஆண்டுகளுக்கு 119 மில்லியன் டாலர்வரை காரீய அகற்றத்துக்குச் செலவிட ஒப்புதல் பெற்றது. மேரிலாந்து, ஓஹையோ, இந்தியானா முதலான மாநிலங்கள் அதைப் பின்பற்றின. நோய் வந்தபின் கொடுக்கும் பணத்தை நோயின் இருப்பிடத்துக்கே திருப்பியது என்ற வகையில் இதைக் கடந்த சில ஆண்டுகளின் சிறந்த கண்டுபிடிப்பு என்பேன். ஆனால் பத்து விழுக்காட்டு வரம்பு ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஓர் உச்சத்தை விதித்துவிடுகிறது.

ஆஸ்துமாவில் கதை வேறு. பூஞ்சை, ஈரக்கசிவு, கரப்பான்பூச்சி ஆகியவற்றை நீக்கினால் குழந்தை அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்வது ஓரிரு ஆண்டுகளிலேயே குறையும். அந்த மிச்சம் காப்பீட்டு நிறுவனத்தின் அதே கணக்கிலேயே தெரியும். கலிபோர்னியா 2022 முதல் தன் மெடிக்கெய்ட் திட்டத்தில் ஆஸ்துமாவுக்காக வீட்டைச் சீராக்க ஒருவருக்கு வாழ்நாளில் 7,500 டாலர்வரை அனுமதித்ததற்கு இந்தக் கணக்கே துணை. பயன் கிடைத்தால் மட்டும் முதலீட்டாளருக்கு அரசு பணம் தரும் ஒப்பந்தங்களும் ஆஸ்துமாவுக்குப் பொருந்துகின்றன, காரீயத்துக்குப் பொருந்துவதில்லை. இதனால்தான் பால்டிமோரில் காரீயத்துக்காகத் தொடங்கி வளர்ந்த பசுமை மற்றும் ஆரோக்கிய இல்லங்கள் முன்முயற்சி போன்ற அமைப்புகள், காரீயம், ஆஸ்துமா, மின்சிக்கனம், கீழே விழாமல் காக்கும் கைப்பிடிகள் ஆகிய அனைத்தையும் ஒரே வீட்டில் ஒரே வருகையில் செய்ய வேண்டும் என்று வலியுறுத்துகின்றன. பழைய ஜன்னலை மாற்றினால் காரீயமும் போகிறது, குளிர்காலத்தில் வெப்பமும் வீணாகாது. ஆனால் ஒரு துறையின் பணம் ஜன்னலுக்கும் இன்னொன்றின் பணம் சுவருக்கும் என்று பிரிந்து கிடப்பதால், ஏழைகளின் வீடுகளைக் குளிருக்குக் காப்பிடும் மத்தியத் திட்டத்தின் பணியாளர்கள், பூஞ்சையோ ஒழுகும் கூரையோ இருக்கக் கண்டால் வேலையை ஒத்திவைத்துத் திரும்பிவிடுகிறார்கள். மிகவும் தேவைப்படும் வீடே இவ்வாறு விடுபட்டுப் போகிறது.

கடன் வேலை செய்யும் இடமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. மாசசூசெட்ஸில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை குடியிருக்கும் பழைய வீட்டில் காரீய ஆபத்தை நீக்குவது உரிமையாளரின் சட்டக் கடமை. அங்கே மாநில வீட்டுவசதி நிதி நிறுவனம், தகுதியான வருமானமுள்ள, தம் வீட்டிலேயே குடியிருக்கும் உரிமையாளருக்கு வட்டியில்லாக் கடன் தருகிறது. வீட்டை விற்கும்போதோ மறுகடன் வாங்கும்போதோ திருப்பினால் போதும், மாதத் தவணை இல்லை. முழுமையாக நீக்கிய வீட்டுக்கு மாநில வருமான வரியில் 1,500 டாலர் கழிவு இருந்தது. 2023-இல் அது 3,000 ஆக்கப்பட்டது. பாஸ்டன் சுற்றுவட்டாரத்தில் வீட்டு விலை மிக உயர்ந்தது என்பதால் விற்பனையின்போது கடன் நிச்சயம் திரும்பும். இதையே டெட்ராய்ட்டில் செய்தால் அது பெயரளவுக்குக் கடன், நடைமுறையில் மானியம். அப்படியே ஒப்புக்கொண்டு மானியமாகவே கொடுப்பது நேர்மையானது, காகித வேலையும் குறையும். மாசசூசெட்ஸ் சட்டத்துக்கும் ஒரு பின்விளைவு உண்டு: குழந்தை உள்ள குடும்பத்துக்கு வீடு தர மறுத்துக் கடமையிலிருந்து தப்பும் உரிமையாளர்கள். அது சட்டப்படி குற்றம். ஆனால் நிரூபிப்பது எளிதன்று.

நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரத்திடம்தான் நான் அதிகம் கற்றுக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். 2005 டிசம்பரில் நிறைவேறி 2006 ஜூலையில் நடைமுறைக்கு வந்த அந்நகரச் சட்டம், வாடகைக்கு விடும் பழைய வீடுகளுக்கு அவை குடியிருக்கத் தகுந்தவை என்று காட்ட ஏற்கெனவே தேவைப்பட்ட குடியிருப்புச் சான்றிதழோடு காரீயப் பரிசோதனையையும் இணைத்தது. புதிய அலுவலகம் தேவைப்படவில்லை. வழக்கமாக வரும் நகர ஆய்வாளரே உரிந்த பெயின்ட் இருக்கிறதா என்று பார்க்கிறார், ஆபத்து மிகுந்த பகுதிகளில் தூசு மாதிரியும் எடுக்கிறார். நிரந்தர அகற்றம் கேட்கப்படுவதில்லை, இடைக்காலத் தடுப்பே போதும். பெரும்பாலான வீடுகள் தேறின, உரிமையாளர்களுக்கு ஆன செலவும் அவர்கள் அஞ்சிய அளவுக்கு இல்லை. ராச்செஸ்டர் அடங்கிய கவுன்டியில் (மாவட்டம் போன்ற ஆட்சிப் பகுதி) குழந்தைகளின் உயர்ந்த காரீய அளவு, நியூயார்க் நகரம் நீங்கலான மாநிலப் பகுதிகளைவிட இரண்டு மடங்குக்கும் அதிக வேகத்தில் குறைந்ததாகப் பின்னர் வந்த ஆய்வு காட்டியது. சட்டம் உரிமையாளரைத் தள்ளியது. தேறாத வீடுகளுக்கு மத்திய மானியம் கைகொடுத்தது. குழந்தையின் இரத்தத்தில் காரீயம் தெரிந்தபின் வீட்டைத் தேடிச் செல்லும் வழக்கமான முறைக்கு இது நேர் எதிரானது. மேரிலாந்தும் 1994-இல் இயற்றிய சட்டத்தால், பழைய வாடகை வீடுகளை ஆண்டுதோறும் பதிவுசெய்து கட்டணம் செலுத்த வைத்து, குடியிருப்போர் மாறும் ஒவ்வொரு முறையும் ஆபத்தைக் குறைக்கச் சொல்லிப் பெரும் முன்னேற்றம் கண்டது.

கிளீவ்லாந்து 2019-இல் இதேபோன்ற சட்டம் இயற்றியபோது பணத்தையும் சேர்த்தே திரட்டியது. நகர அரசும் அறக்கட்டளைகளும் இணைந்த நிதியத்துக்கு, கிளீவ்லாந்து கிளினிக் மருத்துவமனை 2022 ஜனவரியில் 50 மில்லியன் டாலர் அறிவித்தது. மருத்துவமனை ஒன்று இவ்வளவு பணம் கொடுத்தது பாராட்டத்தக்கது. ஆனால் பணம் வேகமாகச் செலவாகவில்லை. பயிற்சி பெற்ற ஒப்பந்ததாரர்கள் போதவில்லை, விண்ணப்பங்கள் தேங்கின, சான்றிதழ் வாங்காத உரிமையாளர்மீது நடவடிக்கை மெதுவாகவே வந்தது. நடவடிக்கை வராது என்று தெரிந்த உரிமையாளர் மானியத்துக்குக்கூட விண்ணப்பிப்பதில்லை, ஏனெனில் விண்ணப்பித்தால் வீட்டில் காரீயம் இருப்பது எழுத்தில் பதிவாகிவிடும். பணம் இருந்தால் எல்லாம் நடந்துவிடும் என்று நம்பும் நிதியாளர்களுக்கு நான் முதலில் காட்டும் எடுத்துக்காட்டு இதுதான்.

பெயின்ட் விற்றவர்களே பணம் தரட்டும் என்ற வாதம் நீதிமன்றங்களில் பாதி வென்றது. ரோட் ஐலண்ட் மாநிலம் 2006-இல் நடுவர் குழுவிடம் வென்றும், 2008-இல் அம்மாநில உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. கலிபோர்னியாவில் சாண்டா கிளாரா கவுன்டி 2000-இல் தொடங்கிய வழக்கில் விசாரணை நீதிமன்றம் 1.15 பில்லியன் டாலர் விதித்தது; மேல்முறையீட்டில் அது 1951-க்கு முந்தைய வீடுகளுக்கு மட்டும் எனச் சுருங்கியது; இறுதியில் 2019-இல் ஷெர்வின்-வில்லியம்ஸ், கான்அக்ரா, என்எல் இண்டஸ்ட்ரீஸ் ஆகிய மூன்று நிறுவனங்களும் பத்து நகர, கவுன்டி அரசுகளுக்கு 305 மில்லியன் டாலர் தர உடன்பட்டன. பணம் பெரிதுதான், ஆனால் வழக்கு தொடங்கியபோது பிறந்த குழந்தை அப்போது பதினெட்டு வயதைத் தாண்டிவிட்டது.

நகரமே கடன் வாங்கி, வீட்டுக்காரரிடம் ஒரு காசும் கேட்காமல் செய்யும் முறையைக் குடிநீர்க் குழாய்களில் நியூவார்க் நகரம் காட்டியது. 2019-இல் எசெக்ஸ் கவுன்டி வழியாகத் திரட்டிய 120 மில்லியன் டாலர் கடன்பத்திரப் பணத்தோடு, உரிமையாளரின் சம்மதத்துக்குக் காத்திராமல் பணியாளர்கள் நுழைய அனுமதிக்கும் நகரச் சட்டமும் சேர்ந்ததால், ஏறத்தாழ 23,000 காரீயக் குழாய்கள் மூன்று ஆண்டுகளுக்குள் மாற்றப்பட்டன. வாடகைக்குக் குடியிருப்போர் பெரும்பான்மையாக உள்ள ஊரில், எங்கோ இருக்கும் உரிமையாளரின் கையெழுத்தைத் தேடி அலைந்திருந்தால் இது நடந்திராது. பெயின்ட் வேலை குழாய் வேலை போல எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரியானதன்று. இருந்தாலும் தெரு தெருவாகச் செய்வது, எவரிடமும் பங்கு கேட்காதது என்ற இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு நகரம் என்னிடம் ஆலோசனை கேட்டால், முதல் பணத்தை ஆய்வாளர்களுக்கும் தூசுப் பரிசோதனைக்கும் ஒதுக்கி, குடியிருப்புச் சான்றிதழோடு இணைக்கச் சொல்வேன். அடுத்தது இடைக்காலத் தடுப்புக்கான சிறு மானியம், ஓரிரு பக்க விண்ணப்பத்தோடு, சிறு உரிமையாளருக்கு. நிரந்தர அகற்ற மானியம், குழந்தைகள் தொடர்ந்து பாதிக்கப்படும் வீடுகளுக்கும் ஜன்னல்களுக்கும். கடன் திட்டம், சொத்து மதிப்புள்ள பகுதிகளில் சொந்த வீட்டில் குடியிருப்போருக்கு மட்டும். இவற்றோடு பட்ஜெட்டில் வழக்கமாக மறக்கப்படும் இரண்டு செலவுகளையும் எழுதிவைக்க வேண்டும்: வேலை நடக்கும் நாட்களில் குடும்பம் வேறிடத்தில் தங்குவதற்கான பணம், சிறு ஒப்பந்ததாரர்கள் உரிமம் பெறுவதற்கும் காப்பீடு எடுப்பதற்கும் வேலை முடியுமுன்பே ஒரு பகுதித் தொகையைப் பெறுவதற்குமான ஏற்பாடு. மானியத் தொகை முழுவதும் வேலை முடிந்தபின்தான் கிடைக்கும் என்றால், இரண்டு ஆட்களோடு தொழில் நடத்தும் உள்ளூர் ஒப்பந்ததாரர் அந்த வேலையை எடுக்க மாட்டார். எடுக்க ஆளில்லாத மானியம் அதன் காலக்கெடு முடிந்ததும் மத்திய அரசுக்கே திரும்பிப் போகும்.